லேத் ஸ்பிண்டில் டிரைவ்: சீக்கிரம் நிறுத்தினால் ஓவர்வோல்டேஜ் ட்ரிப். பிரேக்கிங் ரெசிஸ்டர் எத்தனை ஓம், எத்தனை வாட்?

கியர்பாக்ஸ்4:

வணக்கம். ஒரு லேத்தில் பழைய கிளட்ச், மெக்கானிக்கல் பிரேக் இரண்டையும் கழற்றிவிட்டு விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) பொருத்தியாயிற்று. ஓடுவதில் குறையில்லை, நிறுத்துவதில்தான் தகராறு.

மோட்டார் 5.5 கிலோவாட், 4 போல், 415 வோல்ட், 1450 ஆர்பிஎம். வி-பெல்ட், புல்லி விகிதம் 1:1. சக் 250 மிமீ த்ரீ-ஜா, ஏறக்குறைய 40 கிலோ. மேல் வேகம் 2000 ஆர்பிஎம், அப்போது டிரைவ் 67 ஹெர்ட்ஸ் காட்டுகிறது. டெசல் டைம் (வேகம் இறங்கி நிற்க எடுக்கும் நேரம்) 20 விநாடி வைத்தால் சமர்த்தாக நிற்கிறது. 15-க்குக் கீழே இறக்கினால் ஓவர்வோல்டேஜ் ட்ரிப் அடித்துவிட்டு, ஸ்பிண்டில் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே கிடக்கிறது. 3 விநாடியில் நிற்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தும் வேலை.

டிரைவில் பி+, பிபி என்று இரண்டு டெர்மினல் உண்டு. மேனுவலில் இருப்பது இவ்வளவுதான்: சாப்பர் (மிஞ்சும் மின்சாரத்தை ரெசிஸ்டருக்குத் திறந்துவிடும் டிரான்சிஸ்டர்) உள்ளேயே இருக்கிறது, அது 760 வோல்ட்டில் இயங்கும், ரெசிஸ்டர் 60 ஓமுக்குக் குறையக்கூடாது. வாட் பற்றி ஒரு வரி இல்லை. விசாரித்தால் ஒருவர் மோட்டார் பவரில் பத்தில் ஒரு பங்கு போதும் என்கிறார், இன்னொருவர் பாதி வேண்டும் என்கிறார். எப்படிக் கணக்குப் போடுவது?

டிசிபஸ்:

இரண்டு பேர் சொல்வதும் மோட்டார் பவரை வைத்த கணக்கு. ஆனால் ரெசிஸ்டர் எரிப்பது சுழலும் எடையில் தேங்கியிருக்கும் ஆற்றலை. நிறுத்தும்போது மோட்டார் ஜெனரேட்டராகி அதை டிரைவுக்குள் திருப்பி அனுப்புகிறது. அதே 5.5 கிலோவாட் மோட்டார் ஒரு பம்ப்பில் இருந்தால் ரெசிஸ்டரே தேவைப்படாமல் போகலாம். 40 கிலோ சக்கைச் சுமந்தால் கதை வேறு. அதனால் முதலில் நிலைமத் திருப்புத்திறன்.

சக்கை ஒரு திட வட்டாக எடுத்துக்கொண்டால் பாதி × எடை × ஆரத்தின் வர்க்கம்: 0.5 × 40 × 0.125 × 0.125 = 0.31 கிலோகிராம் மீட்டர்². ஸ்பிண்டிலும் புல்லிகளும் சேர்த்து 0.08, மோட்டார் ரோட்டார் 0.03 என்று வைக்கலாம். 100 மிமீ விட்டம், 350 மிமீ நீள ஸ்டீல் ஜாப் 0.03-ஐத் தாண்டாது. மொத்தம் 0.45. ஜாப் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் சக்தான் ராஜா என்பதைக் கவனியுங்கள். ஆரம் வர்க்கமாகப் போவதால் வரும் விளைவு இது. உங்களுக்கு புல்லி 1:1 என்பதால் நேராகக் கூட்டினேன். மோட்டார் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும் அமைப்பென்றால், ஸ்பிண்டில் பக்கம் இருந்து பார்க்கும்போது ரோட்டாரின் 0.03-ஐ நான்கால் பெருக்க வேண்டும்.

2000 ஆர்பிஎம் என்றால் விநாடிக்கு 209 ரேடியன். தேங்கிய ஆற்றல் 0.5 × 0.45 × 209.4² = 9,870 ஜூல். சுமார் 9.9 கிலோஜூல்.

இப்போது டிரைவ் ஏன் ட்ரிப் ஆகிறது என்று பாருங்கள். 415 வோல்ட் சப்ளைக்கு டிசி பஸ் (டிரைவுக்குள் ஏசியை டிசியாக்கித் தேக்கும் பகுதி) 587 வோல்ட் வாக்கில் இருக்கும். இந்த வகுப்பு டிரைவுகள் பெரும்பாலும் 800 வோல்ட்டை ஒட்டி ட்ரிப் ஆகும். உள்ளே கெப்பாசிட்டர் 600 மைக்ரோஃபாரட் என்று வைத்தால், 587-லிருந்து 800 வரை ஏற அது விழுங்குவது வெறும் 89 ஜூல். வருவதோ 9,870. முழு வேகத்தில் பிரேக் விழுந்தால் அந்த 89 ஜூல் நிரம்ப 20 மில்லிவிநாடி கூட ஆகாது. டிரைவை ஒரு சைஸ் பெரிதாக மாற்றினால் சரியாகிவிடும் என்று சிலர் நினைப்பது இதனால்தான் வீண்.

உங்கள் 15 விநாடி எல்லை ஒரு நல்ல தகவலைத் தருகிறது. நேர்கோட்டு ராம்ப்பில் (வேகம் சீராக இறங்கும்படி) நிறுத்தும்போது பவர் ஆரம்ப நொடியில்தான் உச்சம். அது சராசரியைப் போல இரு மடங்கு. 15 விநாடிக்கு 2 × 9870 / 15 = 1,316 வாட். அதுவரை ட்ரிப் இல்லை என்றால், மேல் வேகத்தில் உங்கள் பேரிங், பெல்ட், மோட்டார், டிரைவ் எல்லாம் சேர்ந்து 1.3 கிலோவாட் அளவை அவையே தின்றுவிடுகின்றன.

3 விநாடிக்கு உச்சம் 2 × 9870 / 3 = 6.6 கிலோவாட். அதில் 1.3 போக, ரெசிஸ்டருக்கு 5.3 கிலோவாட் வரும். இனி மூன்று தனித்தனிக் கேள்விகள். இவற்றைக் குழப்புவதால்தான் ஆளுக்கொரு பதில் கிடைக்கிறது.

ஓம்: சாப்பர் 760 வோல்ட்டில் திறக்கும்போது 5.3 கிலோவாட் போயாக வேண்டும். 760² / 5300 = 109 ஓம். அதற்கு மேல் போனால் ரெசிஸ்டர் முழு நேரமும் திறந்திருந்தும் பஸ் ஏறிக்கொண்டே போகும், ரெசிஸ்டர் இருந்தும் ட்ரிப் ஆகும். கீழே 60 ஓம் எல்லை சாப்பர் டிரான்சிஸ்டரின் கரண்டுக்காக. அதை மீறினால் டிரான்சிஸ்டர் போய்விடும். 60-க்கும் 109-க்கும் நடுவில் 75 ஓம் எடுங்கள். 10.1 ஆம்பியர், 7.7 கிலோவாட் வரை இழுக்கும்.

ஜூல்: ஒரு நிறுத்தலில் ரெசிஸ்டருக்குள் போவது சுமார் 8 கிலோஜூல். மூன்று விநாடியில் அந்த வெப்பம் வெளி உறைக்குப் போய்ச்சேர நேரமில்லை, பெரும்பகுதியைக் கம்பியே தாங்க வேண்டும். கம்பி எடை 100 கிராம் என்றால் ஒரு நிறுத்தலுக்கு 170 டிகிரி ஏறும். 20 கிராம் மெல்லிய கம்பி என்றால் ஒவ்வொரு நிறுத்தலிலும் பழுக்கச் சிவந்து, சீக்கிரமே அறுந்துவிடக்கூடும். சிமென்ட் உடம்புள்ள சின்ன ரெசிஸ்டர்களைக் கூட்டாகக் கட்டி வாட் கணக்கைச் சரிக்கட்டுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். தரவுத்தாளில் குறுகிய நேர ஓவர்லோட் வரியைத் தேடுங்கள். 5 விநாடிக்கு 5 மடங்கு என்பதுபோல் இருக்கும்.

வாட்: நிமிடத்துக்கு ஒரு தடவை என்றால் 8000 / 60 = 133 வாட் சராசரி.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அலுமினிய உறை கொண்ட 150 ஓம், 300 வாட் ரெசிஸ்டர் இரண்டைப் பேரலலில் போடுங்கள். 75 ஓம், 600 வாட். நிறுத்தும்போது ஒவ்வொன்றிலும் சராசரி 1.3 கிலோவாட், அதாவது 4.4 மடங்கு, 3 விநாடி. ஐந்து மடங்கு தாங்கும் வகைக்கு இது உள்ளே வருகிறது. 133 வாட்தானே என்று 150 வாட் வாங்கினால் சராசரிக்குப் பொருந்தும், நிறுத்தலுக்குப் பொருந்தாது. இன்னொன்று, அலுமினிய உறை ரெசிஸ்டரின் 300 வாட் என்பது தடித்த உலோகத் தகட்டில் திருகிப் பொருத்தினால்தான். அந்தரத்தில் தொங்கவிட்டால் பாதி கூடத் தேறாது.

டர்னர்மேசை:

கணக்கெல்லாம் சரி சார். ஆனா ஒரு கேள்வி யாரும் கேக்கல. சக் எப்படி மாட்டியிருக்கு? ஸ்பிண்டில் மூக்குல த்ரெட்ல திருகின சக்கா, கேம்லாக்கா (கேம் பின்களால பூட்டுறது)?

த்ரெட் சக்னா 3 விநாடி டெசல் வேண்டவே வேண்டாம். ஸ்பிண்டில் நிக்குது, சக் அதோட சொந்த வேகத்துல முன்னால போகப் பாக்குது, அதாவது கழலுற திசையில. 0.31-ன்னு சொன்னீங்களே அந்த இனெர்ஷியாவே சக்கைத் திருகிக் கழற்றும். 3 விநாடிக்கு 20 நியூட்டன் மீட்டருக்கு மேல கழற்றுற முறுக்கு வருது. நல்லா இறுகியிருந்தா தாங்கலாம், கொஞ்சம் லூசா இருந்தா 40 கிலோ சக் பெட் மேல விழும். அந்த வகைக்கு 10 விநாடி வைங்க. ரிவர்ஸ்ல வெட்டுற பழக்கமும் கூடாது. கேம்லாக்னா இந்தப் பயம் இல்ல.

பெல்ட்டையும் பாத்துக்கோங்க. பிரேக் பண்ணும்போது பெல்ட்டோட தளர்ந்த பக்கம் மாறிடும். ஓடும்போது சத்தமில்லாத பெல்ட், நிறுத்தும்போது கீச்சுன்னு கத்துச்சுன்னா டென்ஷன் பத்தல.

த்ரெட் வெட்டும்போது ஹாஃப்நட்டை (லீட்ஸ்க்ரூவைப் பிடிக்கிற நட்) திறக்காம ரிவர்ஸ் அடிக்கிற வேலை இருக்கா? அதுக்கும் ரெசிஸ்டர் சூடாகும்.

டிசிபஸ்:

டர்னர்மேசை சொன்ன கடைசி விஷயத்துக்குக் கணக்கு சொல்லிவிடுகிறேன். ஆற்றல் வேகத்தின் வர்க்கமாகக் குறைகிறது. 600 ஆர்பிஎம்மில் 888 ஜூல்தான். ஆனால் ஒவ்வொரு பாஸுக்கும் இரண்டு தடவை நிறுத்துகிறோம். முன்னால் போய் ஒன்று, திரும்பி வந்து ஒன்று. பாஸுக்கு 10 விநாடி என்றால் 178 வாட். 2000-லிருந்து நிமிடத்துக்கு ஒரு முழு நிறுத்தம் இழப்பைக் கழிக்காமல் 165 வாட். ஆக, மெதுவான வேலையாகத் தெரியும் த்ரெடிங்தான் ரெசிஸ்டருக்கு அதிகச் சூடு. 300 ஆர்பிஎம்மில் அதே வேலை என்றால் 44 வாட், கவலையே இல்லை. மில்லிங்கில் ரிஜிட் டேப்பிங் அடுக்கடுக்காகச் செய்பவர்கள் இந்தச் சராசரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

3 விநாடிக்குக் கீழே ஆசைப்பட வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. 3 விநாடிக்கு வேண்டிய முறுக்கு 0.45 × 209.4 / 3 = 31 நியூட்டன் மீட்டர். மோட்டாரின் ரேட்டட் முறுக்கு 36. ஆனால் 2000 ஆர்பிஎம் 50 ஹெர்ட்ஸுக்கு மேலே, ஃபீல்டு பலவீனமான பகுதி (வோல்டேஜ் மேலும் ஏறாததால் மோட்டாரின் காந்தப்புலம் குறையும் இடம்). அங்கே 26-தான் ரேட்டட். 150 சதவீதக் கரண்ட் தரும் டிரைவ் சமாளித்துவிடும். 1 விநாடி என்றால் 94 வேண்டும். எந்த ரெசிஸ்டர் போட்டாலும் நடக்காது, ஓவர்கரண்ட் ட்ரிப் வரும். இரண்டு ட்ரிப்பையும் ஒன்றாக நினைத்து ரெசிஸ்டரை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் நிறைய.

பேனல்வயர்:

ஓம், வாட் எல்லாம் ஆச்சு. நெருப்பு பத்தி யாருமே பேசலயே.

சாப்பர் டிரான்சிஸ்டர் பழுதாகும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகும், ஓப்பன் ஆகறது குறைவு. ஷார்ட் ஆனா ரெசிஸ்டர் நேரா டிசி பஸ்ல உக்காந்துடும். 587 வோல்ட், 75 ஓம்: 7.8 ஆம்பியர், நாலரை கிலோவாட், நிறுத்தாம. 600 வாட் ரெசிஸ்டர் செக்கச்செவேல்னு ஆயிடும். டிரைவுக்கு ஸ்டாப் கொடுத்தாலும் நிக்காது, எஸ்டிஓ (மோட்டாருக்கு முறுக்கு போகாம வெட்டுற பாதுகாப்பு இன்புட்) இழுத்தாலும் நிக்காது. ஏன்னா ரெண்டுமே மோட்டார் பக்கத்து டிரான்சிஸ்டரைத்தான் நிறுத்தும், ரெக்டிஃபையர் பஸ்ஸை ஊட்டிக்கிட்டே இருக்கும். மூணு ஃபேஸையும் டிரைவுக்கு முன்னாடியே வெட்டினாத்தான் தணியும்.

அதனால டிரைவுக்கு முன்னாடி ஒரு கான்டாக்டர் கட்டாயம். அந்த காயில் வழியா ரெண்டு காண்டாக்ட் சீரிஸ்ல போகணும்.

ஒண்ணு, ரெசிஸ்டர் மேலயே ஒட்டியிருக்கிற தெர்மோஸ்டாட், சாதாரணமா மூடியிருக்கிற வகை. ரெண்டு ரெசிஸ்டர்னா ரெண்டு தெர்மோஸ்டாட், ரெண்டும் சீரிஸ்ல. இதை டிரைவோட டிஜிட்டல் இன்புட்டுக்கு மட்டும் கொடுத்துட்டுத் திருப்திப்படாதீங்க. மேல சொன்ன கதைதான், டிரைவ் நின்னாலும் சூடு நிக்காது.

இன்னொண்ணு, ரெசிஸ்டர் வயர்ல ஒரு தெர்மல் ஓவர்லோட் ரிலே. மூணு போலையும் சீரிஸ்ல கட்டணும், இல்லன்னா ஃபேஸ் ஃபெயில்னு நினைச்சு சும்மா சும்மா தட்டும். பைமெட்டல் ரிலே சூட்டை வச்சு வேலை செய்யறதால டிசிக்கும் பொருந்தும். எலக்ட்ரானிக் ரிலே போடாதீங்க, அதுக்கு ஏசி வேணும். செட்டிங் எவ்வளவுன்னா 600-ஐ 75-ஆல வகுத்து வர்க்கமூலம்: 2.8 ஆம்பியர். சாதாரண நிறுத்தல்ல 10 ஆம்பியர் வரைக்கும் மூணு விநாடி போனா தட்டாது. சாப்பர் ஷார்ட் ஆகி 7.8 ஆம்பியர் நிரந்தரமா ஓடினா அரை நிமிஷ வாக்குல தட்டிடும். ரிலேவோட 95-96 காண்டாக்டைத்தான் காயிலுக்கு எடுக்கணும். மெயின் போல் எதையும் வெட்டாது, அது வெறும் ஹீட்டர்.

வயர்: சிலிக்கான் இன்சுலேஷன், 2.5 சதுர மிமீ, 1000 வோல்ட்டுக்கு. சாதாரண பிவிசி ரெசிஸ்டர் முனையில உருகிப் போகும். ரெண்டையும் முறுக்கிக் கொண்டு போங்க, மேனுவல் சொல்ற நீளத்தைத் தாண்டாதீங்க, பல டிரைவுக்கு 5 மீட்டர்தான். என்கோடர் கேபிளோட ஒரே டக்ட்ல வேண்டாம். அது சாப்பராகி வெட்டி வெட்டிப் போற 760 வோல்ட்.

இடம்: பேனலுக்கு வெளியே, மேலேயோ பக்கத்துலயோ. டிரைவுக்கு நேர் கீழே வைக்காதீங்க, சூடு மேல ஏறி டிரைவ் ஃபேனுக்குள்ள போகும். மேல 200 மிமீ இடம் விடுங்க. கூலன்ட் தெறிக்காத, சிப்ஸ் விழாத மாதிரி வலைக்கூண்டு. கூண்டையும் ரெசிஸ்டர் உடம்பையும் எர்த் பண்ணுங்க.

வயரிங் தொடற முன்னாடி சப்ளையை நிறுத்தி, மேனுவல் சொல்ற நேரம் காத்திருந்து, பி+ க்கும் என்− க்கும் நடுவுல 1000 வோல்ட் தாங்குற மீட்டரால அளந்து, சில வோல்ட்டுக்கு இறங்கினப்புறம்தான் கை வைக்கணும். டிஸ்ப்ளே அணைஞ்சது அடையாளம் இல்ல. ரெசிஸ்டர் பி+, பிபி ரெண்டுக்கும் நடுவுலதான். பி+, என்− நடுவுல கட்டினா முதல் விநாடியிலிருந்தே ஷார்ட் ஆன சாப்பர் கதைதான். பக்கத்துல பி1னு இருக்கிறது டிசி சோக்குக்கான ஜம்பர், அதைத் தொடாதீங்க.

கியர்பாக்ஸ்4:

மிக்க நன்றி. சக் கேம்லாக்தான். மூன்று சந்தேகங்கள்.

ஒன்று, 230 வோல்ட், 2 கிலோவாட் தண்ணீர் சூடாக்கும் எலிமென்ட் மூன்று கையில் இருக்கிறது. ரெசிஸ்டருக்குப் பதில் அதையே போடலாமா? இரண்டு, பாராமீட்டரில் என்ன மாற்ற வேண்டும்? மூன்று, எமர்ஜென்சி பட்டன் இப்போது சப்ளை கான்டாக்டரை நேராக விழுத்துகிறது. அப்போதும் ரெசிஸ்டர் பிடிக்குமா?

டிசிபஸ்:

எலிமென்ட் ஒன்றின் தடை 230² / 2000 = 26.5 ஓம். மூன்றும் சீரிஸில் 79 ஓம். ஓம் பொருந்துகிறது, வாட் 6 கிலோவாட், அளவுக்கு மேலேயே. நைக்ரோம் கம்பி என்பதால் சூடு ஏறினாலும் தடை அதிகம் மாறாது. சிக்கல் இன்சுலேஷனில். ஒவ்வொன்றும் 230 வோல்ட்டுக்குச் செய்தது. சீரிஸின் ஒரு முனை டிசி பஸ்ஸின் மேல் முனையில் நிற்கும்போது கம்பிக்கும் வெளி உறைக்கும் நடுவே அதைப் போல இருமடங்குக்கு மேல் வோல்டேஜ் வரக்கூடும். மக்னீசியம் ஆக்சைடு ஈரத்தை இழுக்கும், முனை சீல் பழசானால் எர்த் ஃபால்ட். தண்ணீருக்குள் வைக்கும் எலிமென்ட்டைக் காற்றில் வைத்தால் நீண்ட நேரம் முழுப் பவர் தாங்காது, தெர்மோஸ்டாட்டும் இல்லை. ஒரு நாள் பரிசோதனைக்கு, 1000 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) அடித்துப் பார்த்து உபயோகிக்கலாம். நிரந்தரமாக வேண்டாம்.

குண்டு பல்பு யோசனை யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். 100 வாட் பல்பு எரியும்போது 529 ஓம். குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சாப்பர் திறந்த முதல் கணமே கரண்ட் பத்து மடங்கு பாயும். 60 ஓம் எல்லை போட்டதே இதைத் தடுக்கத்தான்.

பாராமீட்டர்: ஓவர்வோல்டேஜ் ஸ்டால் தடுப்பு என்று ஒன்று பெரும்பாலான டிரைவுகளில் இருக்கும். பஸ் ஏறினால் டெசலைத் தானாக நிறுத்தி வைப்பது. ரெசிஸ்டர் மாட்டியபின் இதை அணைக்காவிட்டால், சாப்பர் திறக்கும் அளவுக்கு முன்பே இது குறுக்கிட்டு, ரெசிஸ்டர் ஜில்லென்று இருக்க ஸ்பிண்டில் பழையபடி 15 விநாடி எடுக்கும். ஏபிபி ஏசிஎஸ்550, 355 இரண்டிலும் அது 2005. யாஸ்காவா ஏ1000-இல் எல்3-04. 0 வைக்கலாம், ரெசிஸ்டரோடு சேர்ந்து இயங்க 3. சீமென்ஸ் எம்எம்440-இல் பி1240-ஐ 0 ஆக்கி, பி1237-இல் டியூட்டி (ரெசிஸ்டர் இயங்கும் நேர விகிதம்) கொடுக்க வேண்டும். மிட்சுபிஷியில் வெளி ரெசிஸ்டர் என்றால் பிஆர் 30, பிஆர் 70 இரண்டும். உங்கள் டிரைவ் எதுவோ அதன் மேனுவலில் ஸ்டால் என்ற சொல்லைத் தேடுங்கள்.

அதோடு ராம்ப்பின் ஆரம்பத்தில் கொஞ்சம் எஸ்-வளைவு (வேகமாற்றம் மெல்லத் தொடங்குவது), 0.3 விநாடி போல. உச்ச பவர் வருவது டெசல் தொடங்கும் அந்த நொடியில்தான். வேகம் சற்று இறங்கியபின் முழு முறுக்கு விழுந்தால் உச்சி மழுங்கும். ஓம் மேல் எல்லையை ஒட்டியிருப்பவர்களுக்கு இது ஒன்றே ட்ரிப்பை நிறுத்திவிடும்.

டெசல் டைமை 15-லிருந்து ஒரேயடியாக 3-க்கு இறக்க வேண்டாம். 10, 7, 5, 3 என்று இறங்குங்கள். ஒவ்வொரு தடவையும் டிஸ்ப்ளேயில் டிசி பஸ் வோல்டேஜை வைத்துப் பாருங்கள். 760-ஐ ஒட்டி ஏறி அங்கேயே மிதந்து, வேகம் குறைந்ததும் 587-க்குத் திரும்பினால் எல்லாம் சரி. 760-ஐ நிற்காமல் தாண்டி ட்ரிப் ஆனால் சாப்பர் திறக்கவில்லை: ரெசிஸ்டர் அறுந்தது, டெர்மினல் மாறியது, பாராமீட்டரில் சாப்பர் அணைந்திருக்கிறது, இவற்றில் ஒன்று. 760-இல் சற்று நின்று பிறகு மெல்ல ஏறித் தட்டினால் ஓம் அதிகம்.

இன்னொரு பரிசோதனையும் செய்யுங்கள். ஸ்பிண்டில் ஓடாமல் டிரைவ் ஆனில் மட்டும் அரை மணி. ரெசிஸ்டர் வெதுவெதுப்பானால் ஏதோ தப்பு. சாப்பர் அளவை மாற்ற அனுமதிக்கும் டிரைவுகளில் அதை 650 என்று இறக்கி வைத்திருப்பார்கள். சப்ளை 10 சதவீதம் ஏறி 456 ஆனாலே பஸ் 645, அந்த 650-ஐ ஒட்டிவிடும். லோடு இல்லாத இரவில், பவர் ஃபேக்டர் கெப்பாசிட்டர்கள் லைனில் தொங்கும்போது, சப்ளை வோல்டேஜையே ரெசிஸ்டர் எரித்துக்கொண்டிருக்கும்.

பேனல்வயர்:

எமர்ஜென்சி கேள்விக்கு நான் சொல்றேன். இப்ப இருக்கிற மாதிரி சப்ளையை நேரா வெட்டினா டிரைவோட அமைப்பைப் பொறுத்து ஸ்பிண்டில் ஃப்ரீயா சுத்தும். ரெசிஸ்டர் இருக்கும், பிடிக்காது. மோட்டார் ஜெனரேட்டராகணும்னா டிரைவ் உயிரோட இருந்து ராம்ப்பை நடத்தணும். ஐஈசி 60204-1ல இதுக்கு வகை பிரிச்சிருக்கு. வகை 0 உடனே பவரை வெட்டறது. வகை 1 கட்டுப்பாட்டோட நிறுத்திட்டு அப்புறம் வெட்டறது. 40 கிலோ சக் இருபது விநாடிக்கு மேல சுத்தற மெஷின்ல வகை 1தான் புத்திசாலித்தனம்.

செய்யற விதம்: தாமத வெளியீடு உள்ள சேஃப்டி ரிலே. பட்டன் அழுத்தின உடனே ரிலேவோட உடனடி காண்டாக்ட் டிரைவுக்கு ராம்ப் ஸ்டாப் கொடுக்கும். தாமத காண்டாக்ட் 4 விநாடி கழிச்சு எஸ்டிஓவை விழுத்தும், கூடவே சப்ளை கான்டாக்டரையும். 3 விநாடி ராம்ப்புக்கு 4 விநாடி தாமதம், அதுக்கு மேல வேண்டாம். ராம்ப் நடுவுல டிரைவ் ட்ரிப் ஆச்சுன்னா ஸ்பிண்டில் ஃப்ரீயாத்தான் சுத்தும். அதனால கதவு லாக்கை நேரத்தை வச்சுத் திறக்காதீங்க, வேகம் பூஜ்யம்னு உறுதியானப்புறம் திறக்கட்டும். ரெசிஸ்டர் பிரேக்கைப் பாதுகாப்பு பிரேக்கா கணக்குல எடுக்கக்கூடாது. தெர்மோஸ்டாட், ஓவர்லோட் ரெண்டும் மட்டும் தாமதமில்லாம கான்டாக்டரை வெட்டட்டும், அது வேற பாதை.

டர்னர்மேசை:

இவ்வளவுக்கு டிசி இன்ஜெக்ஷன் பிரேக்கே (மோட்டார் சுற்றுல டிசி விட்டு நிறுத்தறது) போட்டா முடிஞ்சுபோச்சே, ரெசிஸ்டரே வேண்டாமேன்னு பல பேர் கேக்கறாங்க. அதுக்கும் யாராவது சொல்லிடுங்க.

டிசிபஸ்:

ரெசிஸ்டருக்குப் போகவேண்டிய 9.9 கிலோஜூலும் அப்போது ரோட்டாரில் எரியும், ஸ்டேட்டரில் டிசி தனிச் சூடு. எப்போதாவது ஒரு தடவை நிறுத்துபவருக்கு மோட்டார் தாங்கும். ஆனால் 2000-லிருந்து டிசி விட்டால் ஆரம்பத்தில் பிடிமானம் மிகக் குறைவு. ஸ்லிப் (காந்தப்புலத்துக்கும் ரோட்டாருக்கும் உள்ள வேக வித்தியாசம்) அதிகமாக இருக்கும் இடத்தில் இண்டக்ஷன் மோட்டார் அதிக முறுக்கு தராது. கடைசி ஒன்றிரண்டு ஹெர்ட்ஸில், சக் நின்றபின் லேசாகத் திரும்பாமல் பிடிக்க 0.5 விநாடி டிசி கொடுங்கள், அதற்கு நல்லது.

ரூட்டர்_ஸ்பிண்டில்:

இதே இழையிலேயே கேட்டுவிடுகிறேன். 2.2 கிலோவாட், 24,000 ஆர்பிஎம், 400 ஹெர்ட்ஸ் ஸ்பிண்டில். 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் டிரைவ். பி, பிஆர் டெர்மினல் அச்சடித்திருக்கிறது. 100 ஓம் ரெசிஸ்டர் மாட்டியும் 4 விநாடிக்குக் கீழே ட்ரிப். ரெசிஸ்டர் சூடே ஆவதில்லை.

பேனல்வயர்:

சூடே ஆகலன்னா கரண்ட் போகல தம்பி. மலிவு டிரைவுகள்ல டெர்மினல் இருக்கும், உள்ளே போர்டுல சாப்பர் டிரான்சிஸ்டர் சால்டர் பண்ணியிருக்க மாட்டாங்க, இடம் மட்டும் காலியா இருக்கும். ஒரே பெட்டியைப் பல மாடலுக்கு அச்சடிக்கறது.

திறக்காமலே மீட்டரால பாக்கலாம். சப்ளையை வெட்டி, டிஸ்சார்ஜ் ஆனதை அளந்து, ரெசிஸ்டரைக் கழற்றிட்டு, டயோடு மோடு. சிவப்பு பிஆர், கருப்பு பி: 0.3-லிருந்து 0.5 காட்டினா ஃப்ரீவீல் டயோடு இருக்கு. திருப்பிப் போட்டா ஓப்பன் காட்டணும். இந்தப் பக்கம் ரெண்டுமே ஓப்பன்னா சாப்பர் பகுதியே இல்லன்னுதான் சந்தேகப்படணும். அடுத்து என்− டெர்மினல் வெளியே இருந்தா, சிவப்பு பிஆர், கருப்பு என்−: முதல்ல ஏதோ காட்டி மெல்ல மெல்ல ஏறி ஓப்பன் ஆகும். அது டயோடு வழியா பஸ் கெப்பாசிட்டரை மீட்டர் சார்ஜ் பண்றது, பழுதுன்னு நினைச்சுடாதீங்க. பூஜ்யத்துலயே ஒட்டிக்கிட்டு இருந்தா டிரான்சிஸ்டர் ஷார்ட். ரெசிஸ்டரை மாட்டி சப்ளை கொடுக்கவே கூடாது.

சாப்பர் இருந்து இயங்கலன்னா அளவைப் பாருங்க. 230 வோல்ட் வகுப்புக்கு பஸ் 325, சாப்பர் 380 வாக்குல, ட்ரிப் 400-க்கு மேல கொஞ்சம். இடைவெளி குறுகல். பாராமீட்டர்ல 400 வோல்ட் வகுப்பு மதிப்பு கிடந்தா சாப்பர் திறக்கவே வாய்ப்பில்ல.

டிசிபஸ்:

உள்ளே இல்லை என்று தெரிந்தால் வெளியே தனி பிரேக்கிங் யூனிட் உண்டு, பஸ்ஸின் இரு முனையும் வெளியே வரும் டிரைவுக்கு மட்டும். பெரிய டிரைவுகளிலும், சாப்பர் உள்ளே தராத மாடல்களில், இதுதான் வழி. ஆனால் உங்கள் ஸ்பிண்டிலுக்கு அவ்வளவு தேவையா என்று பாருங்கள். சுழலும் பகுதி சிறியது, 0.0005 கிலோகிராம் மீட்டர்² என்று வைத்தாலும் 24,000-இல் 1.6 கிலோஜூல். 5 விநாடியில் நிறுத்தினால் உச்சம் 630 வாட், பெரும்பகுதி இழப்பிலேயே போய்விடும். டூல் மாற்ற 5 விநாடி காத்திருப்பதில் நஷ்டமில்லை என்றால் டெசலை 5 என்று வைத்து, ஸ்டால் தடுப்பை ஆனில் விட்டுவிடுங்கள்.